கேனான் ஆர்6 மார்க் 2: ஃபோகஸில் குறையில்லை, அதைச் சொல்பேச்சு கேட்க வைப்பதில்தான் வேலை இருக்கிறது

கேனான் ஈஓஎஸ் ஆர்6 மார்க் 2 வெளியானது 2022 நவம்பரில். 24.2 மெகாபிக்சல், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12 படம், எலக்ட்ரானிக் ஷட்டரில் 40. இந்த எண்களைப் பற்றி எழுத வேண்டியதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். இங்கே ஃபோகஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். சேலத்துக் கல்யாண மண்டபத்திலும், குகைப் பகுதியின் வண்டி வேடிக்கையிலும், ஏற்காட்டு மூடுபனியிலும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்கு முன்னாலும் இந்த கேமராவிடம் ‘இதைப் பிடி’ என்று சொல்வது எவ்வளவு சுலபம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிடிக்கும் திறமையில் இது பிரமாதமான கேமரா. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு வேலைக்குக் கொண்டுபோனால், தனக்குத் தோன்றியதைத்தான் பிடிக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மெனுவைச் சீர்செய்தால் முக்கியமானதெல்லாம் கட்டைவிரலுக்கு வந்துவிடும். அந்த ஒரு மணி நேர வேலையை கம்பெனியே செய்து கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வருத்தம்.

1985-ல் வந்த மினோல்டா 7000-ல் ஃபோகஸ் பிடிக்கும் இடம் ஒன்றே ஒன்று, நட்டநடுவில். எங்கே பிடிக்கும் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. ஆர்6 மார்க் 2-ல் நாம் புள்ளியை வைக்கக்கூடிய இடங்கள் 4,897. இடங்கள் இத்தனை மடங்கு பெருகியும், புள்ளியை நகர்த்துவதற்கு இருப்பது அதே ஒரு கட்டைவிரல்தான். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோவதற்குள் எடுக்க வந்த கணம் முடிந்துவிடுகிறது.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ அது. சினிமாவில் ஃபோகஸ் என்பது தனி ஆளின் தனி வேலை. நடிகர் நிற்கும் இடத்தை டேப் வைத்து அளந்து, லென்ஸ் வளையத்தில் குறி போட்டு, கேமராவை இயக்குபவருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் அதை மட்டும் பார்த்துக்கொள்வார். ஸ்டில் கேமராவிலோ ஒளியை அளப்பது, ஃபோகஸ் பிடிப்பது, படம் எடுப்பது மூன்றையும் ஒரே பட்டனில் ஏற்றிவிட்டார்கள். பாதி அழுத்தினால் ஒன்று, முழுதும் அழுத்தினால் இன்னொன்று. அவசரத்தில் விரலுக்கு அந்தப் பாதி எங்கே என்று தெரிவதில்லை. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஷட்டரிலிருந்து ஃபோகஸைப் பிரிப்பது

முதல் வேலை இதுதான். கஸ்டம் ஃபங்ஷன் பகுதியில் பட்டன்களை மாற்றும் பக்கத்துக்குப் போங்கள். ஷட்டரின் பாதி அழுத்தத்துக்கு ‘மீட்டரிங் ஸ்டார்ட்’, அதாவது ஒளியை அளப்பது மட்டும் கொடுங்கள். பின்பக்கம் உள்ள ஏஎஃப்-ஆன் (ஏஎஃப் என்றால் ஆட்டோஃபோகஸ்) பட்டனில் ஏற்கெனவே இருக்கும் ‘மீட்டரிங் அண்ட் ஏஎஃப் ஸ்டார்ட்’ அப்படியே இருக்கட்டும். அதை ஒட்டியுள்ள நட்சத்திரக் குறி பட்டனுக்கு ‘ஐ டிடெக்‌ஷன் ஏஎஃப்’. ஃபோகஸ் முறையை, நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் சர்வோவில் நிறுத்திவிடுங்கள்.

இனி ஏஎஃப்-ஆனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கேமரா பின்தொடரும். விரலை எடுத்தால் அந்தத் தூரத்திலேயே நிற்கும். ஒரு தடவை பிடித்து நிற்கும் ஒன்-ஷாட், சர்வோ என்று மாறி மாறி மெனுவுக்குப் போக வேண்டியதில்லை. நகரும் ஆளுக்கும் நிற்கும் ஆளுக்கும் ஒரே அமைப்பு. வித்தியாசம் விரலை எடுப்பதில் மட்டும். எந்த நேரமும் முகத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்றால் பக்கத்துப் பட்டன். புள்ளி இருக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் ஏஎஃப்-ஆன். ஃபிலிம் காலத்து ஈஓஎஸ் கேமராக்களிலேயே இப்படி மாற்றிக்கொள்ள வழி இருந்தது. இன்றும் மெனுவுக்குள்ளேயே கிடக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கேமராவை உறவினர் யாரிடமாவது கொடுத்து ‘ஒரு படம் எடுங்க’ என்றால் அவர் ஷட்டரை மட்டும்தான் அழுத்துவார். ஃபோகஸ் மாறவே மாறாது. கொடுக்கும்போது நீங்களே ஏஎஃப்-ஆனை அழுத்தித் தூரத்தை வைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, விரலை எடுத்துவிட்டு ஃபிரேமைத் திருப்பும் பழக்கம். லென்ஸ் தெளிவாகக் காட்டும் தளம் தட்டையானது. கேமராவைத் திருப்பும்போது அந்தத் தளமும் சேர்ந்து திரும்பி, ஆளுக்குப் பின்னால் போய்விடுகிறது. 50 மிமீ லென்ஸ், துளை எஃப் 1.8 (எண் சின்னதானால் துளை பெரிது), ஆள் ஒன்றரை மீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் சுமார் 5 செமீ பின்னால் நகரும். அந்த நிலையில் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 10 செமீ, அதாவது முன்னால் 5, பின்னால் 5. திருப்பியதிலேயே கையிருப்பு தீர்ந்துவிட்டது. எஃப் 5.6-க்கு மேல் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். அகலத் திறந்து எடுக்கும்போது புள்ளியை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

நகர்த்துவதைச் சுலபமாக்கச் சில மாற்றங்கள் உண்டு. ஏஎஃப் மெனுவில் ஃபோகஸ் பரப்பின் வகைகளைக் குறைக்கும் ‘லிமிட் ஏஎஃப் ஏரியாஸ்’ என்பதைத் திறந்து, ஸ்பாட் அல்லது 1-பாயின்ட், ஃப்ளெக்ஸிபிள் ஜோன் 1 (அளவு மாற்றக்கூடிய கட்டம்), ஹோல் ஏரியா (முழுப்பரப்பு) ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எட்டுக்குப் பதிலாக மூன்று. வலது ஓரத்துப் புள்ளி பட்டனைத் தட்டி ஷட்டருக்குப் பக்கத்து எம்-எஃப்என் பட்டனை அழுத்தினால் அந்த மூன்றும் சட்டென்று சுற்றிவரும். ஜாய்ஸ்டிக்கின் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் புள்ளி தானாக வேறு இடத்துக்கு மாறும் ‘ஓரியன்டேஷன் லிங்க்டு’ வசதியையும் போட்டுவிடுங்கள். தலை மேலே இருக்கும் உயரப் படங்களுக்கு இது பெரிய உபகாரம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்திரையில் விரலை இழுத்துப் புள்ளியை நகர்த்தவும் முடியும். தொடும் பகுதியைத் திரையின் வலது பாதிக்கு மட்டும் சுருக்கினால்தான் மூக்கு பட்டுப் புள்ளி ஓடாது. இடது கண்ணால் பார்ப்பவர்கள் இதைப் போடாமல் விடுவதே நல்லது. சித்திரை வெயிலில் கை வியர்த்திருக்கும்போதும் திரையை நம்ப முடியாது, ஜாய்ஸ்டிக்தான் கதி.

இவ்வளவிலும் முக்கியமான அமைப்பு ‘ஹோல் ஏரியா ட்ராக்கிங் சர்வோ’. இதைப் போட்டுவிட்டால், சின்ன ஜோனைப் பெண்ணின் முகத்தில் வைத்து ஏஎஃப்-ஆனை அழுத்தியதும், அவர் ஃபிரேமின் எந்த மூலைக்குப் போனாலும் கேமரா கூடவே போகும். எங்கே தொடங்குவது என்பது உங்கள் கையில், அதற்குப் பின் துரத்துவது அதன் பொறுப்பு. மேலே சொன்ன 4,897 இடங்களின் பாரம் இந்த ஒரு அமைப்பில் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது.

மண்டபத்துக்குள்

மண்டபத்தில் ஃபோகஸைக் கெடுப்பவை தெரிந்தவைதான். ஹோமப் புகை, மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, குறுக்கே போகும் வீடியோக்காரர், எல்லாவற்றுக்கும் மேல் அட்சதை. தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில்தான் நூறு கைகள் ஒன்றாக உயர்ந்து அரிசியை வீசும். லென்ஸுக்கும் மணமக்களுக்கும் நடுவே புதிதாக ஒன்று வந்ததும் கேமரா அதற்குத் தாவப் பார்க்கும். வழக்கமான அமைப்பில் உயர்ந்த கை தெளிவாகவும் தாலி மங்கலாகவும் விழுவது இதனால்தான்.

இதற்கு சர்வோ பிரிவில் கேஸ் 2-ஐத் தேர்ந்தெடுங்கள்; குறுக்கே வருவதைப் பொருட்படுத்தாமல் பிடித்ததையே பிடித்திருப்பதற்கான அமைப்பு அது. அதற்குள் ட்ராக்கிங் சென்சிட்டிவிட்டியை மைனஸ் 2 வரை இறக்கலாம். கூடவே ‘ஸ்விட்சிங் ட்ராக்டு சப்ஜெக்ட்ஸ்’ என்பதை 0-வில் வையுங்கள். முதலில் பிடித்த ஆளுக்கே முன்னுரிமை. 70-200 எஃப் 2.8 ஆர்எஃப் (ஆர் வரிசை கேமராவுக்கான) லென்ஸ் வைத்திருந்தால் அதன் பக்கவாட்டு ஸ்விட்சை 2.5 மீட்டர் முதல் முடிவிலி என்பதில் தள்ளிவிடுங்கள். லென்ஸுக்கு முன்னால் பறக்கும் அரிசி அந்த எல்லைக்குள்ளேயே வராது. மெனுவில் எத்தனை நுணுக்கம் செய்தாலும் இந்த ஒரு ஸ்விட்சின் பலனுக்கு ஈடாகாது.

கேஸ் 2-ஐ நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது. தாலி முடிந்து உறவினர்கள் மாறி மாறி மேடையேறும்போது, பழைய ஆளை விட்டு வர மறுக்கும். அப்போது ‘ஏ’ என்ற ஆட்டோ கேஸுக்குத் திரும்புங்கள். நமக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும் பச்சை நிற ‘மை மெனு’வில் ஒரு பக்கத்துக்கு ஆறு வரிகள் வைக்கலாம். சர்வோ கேஸ், கண்டுபிடிக்க வேண்டிய பொருள், சப்ஜெக்ட் மாறும் விதம், ஹோல் ஏரியா ட்ராக்கிங், ஃபோகஸ் முறை, பீக்கிங் (கூர்மையான விளிம்பை நிறமிட்டுக் காட்டுவது) ஆகிய ஆறையும் அங்கே கொண்டுவந்துவிட்டால் தேட வேண்டியதில்லை.

கண்டுபிடிக்க வேண்டிய பொருளை ‘ஆட்டோ’வில் விடாமல் ‘பீப்பிள்’ என்று குறித்துவிடுங்கள். அப்படியும் ஒரு சங்கடம் வரும். மேடைத் திரையில் கல்யாணத்துக்கு முன்பு எடுத்த வீடியோ ஓடும். அதில் மணமக்களின் முகம் ஆளுயரத்துக்குத் தெரியும். கேமராவுக்கு அதுவும் முகம்தான். குனிந்திருக்கும் பெண்ணின் நிஜ முகத்தை விட்டுவிட்டு, திரையில் சிரிக்கும் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புரோகிதரின் முகம் அருகில் இருந்தால் அவரையும் விடாது. ஜாய்ஸ்டிக்கை இடமோ வலமோ தள்ளி முகம் மாற்றலாம். நான்கைந்து முகங்கள் இருந்தால் எந்தத் தள்ளலுக்கு எது வரும் என்று ஊகிக்க முடியாது. நேரடி வழி, நட்சத்திரப் பட்டனை விட்டு, சின்ன ஜோனைப் பெண்ணின் மேல் வைத்து ஏஎஃப்-ஆனால் தொடங்குவதுதான். யாருக்கு முன்னுரிமை என்று முகங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி 2024-ல் வந்த ஆர்5 மார்க் 2-ல் இருக்கிறது. மணமக்கள் இருவரின் முகத்தைக் காலையில் பதிந்துவிட்டால் போதும் என்ற நிம்மதி கல்யாண வேலைக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்6 மார்க் 2-ல் அது இல்லாதது உண்மையான குறை.

இருட்டில் மைனஸ் 6.5 ஈவி (ஒளியின் அளவு) வரை பிடிக்கும் என்கிறது விவரத்தாள். அது எஃப் 1.2 லென்ஸோடு, ஒன்-ஷாட்டில், நடுப் புள்ளியில் அளந்த கணக்கு. எஃப் 4 லென்ஸ் மாட்டினால் சென்சாருக்கு வந்து சேரும் ஒளி சுமார் மூன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைகிறது. பிடிக்கும் திறனும் அந்த அளவுக்குக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஆரத்தி எடுக்கும் நேரத்துக்கு எஃப் 1.8 லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

வெண்பட்டு சேலத்தின் பெருமை. ஃபோகஸுக்கு அது சோதனை. இந்த சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பாதியும் பார்க்கும் காட்சிக்கு நடுவிலுள்ள விலகலை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. நெட்டுக்குத்தான கோடு இருந்தால் அந்த விலகல் தெளிவாகத் தெரியும். படுக்கைவாட்டில் மட்டும் கோடு ஓடினால் இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரி தெரியும், விலகல் தெரியாது. மடித்து வைத்த வெண்பட்டு வேட்டியில் வெள்ளைப் பரப்பில் பிடிக்க எதுவுமே இல்லை. கரையோ படுக்கையாக ஓடுகிறது. கேமரா முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து, பிடித்ததும் விரலை எடுத்து, நேராக்கி எடுங்கள். இல்லையென்றால் கரை நெட்டுக்குத்தாக ஓடும்படி துணியைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு திசையிலும் பார்க்கும் சென்சாரை கேனான் 2024-ல் ஆர்1-ல்தான் கொண்டுவந்தது.

குகை வண்டி வேடிக்கை

ஆடித் திருவிழாவில் தெய்வ வேடமிட்டவர்களைச் சுமந்து அலங்கார வண்டிகள் வரும் இரவு, சர்வோவுக்கு நல்ல பரீட்சை. வண்டி மெதுவாகத்தான் வரும். துரத்துவதில் கஷ்டம் இல்லை. சிரமம் முகத்தில்தான். கிரீடம், நீல நிறப் பூச்சு, மீசை எல்லாம் சேர்ந்தால் முகம் என்று கேமராவுக்குச் சில சமயம் தோன்றுவதில்லை. அந்த நொடியில் அருகிலிருக்கும் சீரியல் விளக்கின் மேல் தாவும். ஹோல் ஏரியாவில் தொடங்காமல் 1-பாயின்ட்டில் தொடங்கினால் இது பெருமளவு குறையும். பொதுவான கேஸ் 1 போதும்.

பிறகு வீட்டுக்கு வந்து படம் மங்கலாக இருக்கிறது என்று ஃபோகஸைத் திட்டுவதற்கு முன் பெரிதாக்கிப் பாருங்கள். ஆளுக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. எதுவுமே கூர்மையாக இல்லாமல் விளக்குகளெல்லாம் ஒரே திசையில் கோடாக இழுத்திருந்தால் கை ஆடியிருக்கிறது. தேர்க்கால் கூர்மையாகவும் ஆள் மட்டும் மங்கலாகவும் இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ப்ளேபேக் மெனுவில் ஏஎஃப் புள்ளியைக் காட்டச் சொன்னால் எங்கே பிடித்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஏற்காட்டில்

மூடுபனியில் எல்லா கேமராவும் திணறும். பனி படர்ந்தால் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துவிடும். விலகலை அளக்க விளிம்பு வேண்டும், அது இருக்காது. புள்ளியை அடர்ந்த வெண்மையில் வைக்காமல், காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தின் நெட்டு விளிம்பில் வையுங்கள். ஏஎஃப் மெனுவில் ‘லென்ஸ் ட்ரைவ் வென் ஏஎஃப் இம்பாசிபிள்’ என்பதைத் தேடலை நிறுத்தும்படி மாற்றிவிடுங்கள். பிடிக்க முடியாதபோது லென்ஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்புவது இதனால் நிற்கும். 100-500 போன்ற நீள லென்ஸில் அந்த ஓட்டம் முடிவதற்குள் பறவை போயிருக்கும்.

பறவைக்கு ‘அனிமல்ஸ்’. கண்ணைப் பிடிப்பதில் இந்த கேமரா நம்பும்படியானது. ஆனால் செம்மீசைச் சின்னான் காபிச் செடிக்குள் உட்கார்ந்திருந்தால் முன்னால் நிற்கும் இலையைத்தான் முதலில் பிடிக்கும். ஸ்பாட் ஏஎஃப்பை இலைகளின் இடுக்கில் வைத்து உடம்பில் ஒரு தடவை பிடிக்க வைத்தால், கண்ணுக்குத் தானாகப் போய்ச் சேரும். 100-500-ல் 3 மீட்டர் முதல் முடிவிலி என்ற ஸ்விட்சையும் போட்டுவிடுங்கள்.

லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலத்து விளக்குகளை எடுப்பவர்களுக்கு: ஆட்டோவை நம்பாதீர்கள். கையால் ஃபோகஸ் பிடிக்கும் எம்எஃப்-க்கு மாற்றி, திரையில் ஒரு விளக்கைப் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் பொட்டாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். ஆர்எஃப் லென்ஸின் வளையம் மின்சாரத்தால் இயங்குவது. முடிவிலியில் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும். அதனால் ‘கடைசி வரை திருப்பினால் முடிவிலி’ என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. வளையத்தின் நடத்தையைத் திருப்பும் வேகத்துக்குப் பதிலாகத் திருப்பும் அளவோடு இணைத்துவிட்டால் கைக்கு ஒரு நிதானம் கிடைக்கும். பகலில் பள்ளத்தாக்கையும் முன்னாலிருக்கும் பாறையையும் சேர்த்து எடுக்க, 24 மிமீ-யில் எஃப் 8 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸை நிறுத்துங்கள்; 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும். வியூஃபைண்டர் தூரத்தைக் காட்டுகிறது, ஆழத்தைக் காட்டுவதில்லை. ஃபூஜி கேமராக்களில் அந்த ஆழமும் ஒரு பட்டையாகத் தெரியும். இங்கே இல்லாதது சின்னக் குறையாகத் தோன்றலாம். குழுப் படத்தில் மூன்றாவது வரிசை தெளிவாக விழுமா என்று கவலைப்படும் ஒவ்வொரு தடவையும் அது பெரிதாகத் தெரியும்.

எம்எஃப்-க்கு மாறுவதிலும் ஓர் உறுத்தல். ஆர்7 பாடியின் முன்பக்கம் ஏஎஃப், எம்எஃப் ஸ்விட்ச் இருக்கிறது. அதைவிட விலை கூடிய ஆர்6 மார்க் 2-ல் கிடையாது. 50 மிமீ எஃப் 1.8 போல லென்ஸிலும் அந்த ஸ்விட்ச் இல்லையென்றால் மெனுவுக்குத்தான் போக வேண்டும்.

வெள்ளிக் கொலுசு

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஆன்லைன் விற்பனைக்காகக் கொலுசு எடுப்பவர்கள் சப்ஜெக்ட் டிடெக்‌ஷனை முழுதாக நிறுத்திவிடலாம். 100 மிமீ மேக்ரோவில் பாதி அளவு உருப்பெருக்கத்தில் எஃப் 8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 மிமீ. முழு அளவில் சுமார் 1 மிமீ. கொலுசின் ஒரு முத்தே அதற்குள் அடங்காது. துளையை எஃப் 16-க்குச் சுருக்கினால் தீரும் என்று நினைக்க வேண்டாம். முழு அளவு உருப்பெருக்கத்தில் அது உண்மையில் எஃப் 32-க்குச் சமம். ஒளி சிதறி, வெள்ளியின் கூர்மையே போய்விடும்.

இங்கே ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கும் ஃபோகஸ் பிராக்கெட்டிங்தான் வழி, இந்த கேமராவின் மிக நல்ல வசதிகளில் ஒன்றும் அதுதான். ட்ரைபாடில் வைத்து, உங்களுக்கு மிக அருகிலிருக்கும் மணியில் ஃபோகஸ் பிடியுங்கள். கேமரா அங்கிருந்து பின்னோக்கித்தான் நகரும், நடுவில் தொடங்கினால் முன்பகுதி விட்டுப்போகும். எண்ணிக்கையைத் தாராளமாக 30 என்று வையுங்கள், இடைவெளி 2 அல்லது 3. படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் எக்ஸ்போஷர் ஸ்மூத்திங்கைப் போடுங்கள். ஷட்டரை டைமரில் விடுங்கள். கேமராவே எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாகத் தரும். அது ரா கோப்பாகக் கிடைக்காது. கண்ணிகளின் இடுக்கில் அந்தச் சேர்ப்பு பிசகினால் தனித்தனிப் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்எஃப் 100 மிமீ எஃப் 2.8 எல் மேக்ரோ என்றால் அதன் எஸ்ஏ வளையம் பூஜ்யத்தில் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கொஞ்சம் திரும்பியிருந்தாலும் படம் முழுதும் மெத்தென்று வரும். ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று லென்ஸை ரிப்பேருக்குத் தூக்கிப் போவார்கள்.

வீடியோவுக்கு ஒரு வரி: மூவி சர்வோ வேகத்தை மைனஸ் 3 வாக்கில் இறக்கிவிட்டு, திரையில் முகத்தைத் தொட்டு மாற்றினால் மாப்பிள்ளையிலிருந்து பெண்ணுக்கு ஃபோகஸ் அழகாக வழுக்கிப் போகும்.

இன்னும் சுலபமாக இருந்திருக்கலாம்

கம்பெனி எங்களிடம் கேட்டால் முதலில் கேட்பது, தூரத்துக்கு ஓர் எல்லை. ‘2 மீட்டருக்குள் வருவதையும் 6 மீட்டருக்கு அப்பால் இருப்பதையும் பார்க்காதே’ என்று பாடியிலேயே சொல்ல முடிந்தால் அட்சதையும் எல்இடி திரையும் ஒரே அடியில் ஒழிந்துபோகும். எந்த லென்ஸ் மாட்டினாலும் அது வேலை செய்ய வேண்டும். இது ஆகாத காரியம் இல்லை; ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்1 மார்க் 2-ல் பாடிக்குள்ளேயே இப்படி எல்லை வைக்கலாம். கேனானிலோ விலையுயர்ந்த லென்ஸின் பக்கவாட்டில்தான் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் முன் எல்லை மட்டும்.

அடுத்தது, கையால் தடவித் தெரிந்துகொள்ளும் ஸ்விட்ச். 2007-ல் வந்த நிக்கான் டி300-ன் பின்பக்கம் ஒரு புள்ளி, சுற்றுப்புள்ளிகள், முழுப்பரப்பு என்று மூன்று நிலைகளுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. கண்ணை எடுக்காமலே விரல் நுனியில் நிலை தெரியும். ஆர்6 மார்க் 2-ல் இடது பக்கம் போட்டோ, வீடியோ மாற்ற ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். படம் மட்டும் எடுப்பவருக்கு அது நாளெல்லாம் சும்மா கிடக்கும். அதற்கு ஃபோகஸ் பரப்பை மாற்றும் வேலையைக் கொடுக்க அனுமதித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பார்க்கும் இடத்தைப் பிடிக்கும் கண் கட்டுப்பாடு 1992-ல் ஈஓஎஸ் 5-ல் ஐந்து புள்ளிகளோடு வந்து, இடையில் காணாமல் போய், 2021-ல் ஆர்3-ல் திரும்பியது. ஆர்6 மார்க் 2-ல் இல்லை. வியூஃபைண்டருக்குள்ளிருந்து அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் அடித்து, திரும்பிவரும் ஒளியைப் படிக்கும் முறை அது. கண்ணாடி அணிந்தவர்களுக்கும், வியர்வையில் ஐபீஸ் ஆவி படிந்திருக்கும்போதும் தடுமாறும். ஆளுக்கு ஆள் கேலிபரேட் செய்தாக வேண்டும். தவிர, மண்டபத்தில் நல்ல போட்டோகிராஃபரின் கண் ஓரிடத்தில் நிற்காது. அடுத்து யார் அழப்போகிறார், யார் சிரிக்கப்போகிறார் என்று ஓரங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த வசதியும் உள்ள ஆர்5 மார்க் 2-க்கு இதற்காக மட்டும் போக வேண்டியதில்லை. முகப் பதிவுக்காகப் போகலாம்.

ஏற்கெனவே டிஎஸ்எல்ஆருக்கான ஈஎஃப் லென்ஸ்கள் வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள் அடாப்டரோடு தாராளமாக மாறலாம். ஃபோகஸ் சென்சாரின் மேலேயே நடப்பதால், டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் லென்ஸாக ஃபோகஸ் பிழையைத் திருத்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் பார்த்த வேலை போயிற்று. இரண்டு ஆர்6 மார்க் 2 வாங்கினால், ஒன்றில் எல்லாவற்றையும் அமைத்து, அமைப்புகளை மெமரி கார்டில் சேமித்து, மற்றதில் ஏற்றிவிடுங்கள். எதைக் கையில் எடுத்தாலும் பட்டன் ஒன்றாக இருக்க வேண்டும். மாடல் வேறாக இருந்தால் இது ஆகாது.

புதிதாக வாங்கும் முன் ஒரு முகூர்த்த நாளுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வேலைக்கு முந்திய இரவே மேலே சொன்னபடி அமைத்துக்கொண்டு போங்கள். திருப்பிக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடுங்கள். அடுத்து எடுப்பவர் ஷட்டரை அழுத்தி ஃபோகஸ் வரவில்லை என்று தவிக்கக் கூடாது.

பழைய பாடி வாங்குவதானால் ஷட்டர் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். ஜாய்ஸ்டிக்கை எட்டுத் திசையிலும் தள்ளி, புள்ளி சொன்ன பக்கம் போகிறதா, விட்டதும் நிற்கிறதா என்று பாருங்கள். ஏஎஃப்-ஆனை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, நடக்கும் ஆளைப் பின்தொடர வையுங்கள். நடுவில் தொடர்பு அறுந்து அறுந்து வந்தால் பட்டன் தேய்ந்திருக்கிறது. கல்யாண வேலை பார்த்த பாடியில் ஷட்டரை விட அதிகம் உழைத்திருப்பது அந்தப் பட்டன்தான். அதை மாற்றும் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.